சொல்லறிவோம்: எண்டார்ஸ் என்னும் சுமை



இப்பகுதிக்கு வரும் மடல்களில் பெரும்பாலானவை இலக்கண ஐயங்களாகவே இருக்கும். எந்த வினைச்சொல்லுக்கு எந்த முன்னிடைச்சொல் வரும், எந்த எழுத்து ஒலிக்காது என்பன போன்ற வினாக்களுக்கு விடை எழுதுவது எளிது. இம்மாதம் வந்துள்ள மடலும் ஒரேயொரு சொல்லின் பொருளைத்தான் கேட்கிறது. ஆனால், அதற்கான விடையில் ஒரு குடும்பத்தின் நற்பெயரும், ஒருவேளை பல குடும்பங்களின் சேமிப்பும் அடங்கியிருக்கின்றன.

மடல் எழுதியவர் பட்டதாரிச் சகோதரி ஒருவர். அவருடைய தந்தையார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மஹல்லாவில் மதிப்புக்குரியவர். அண்மையில் வெளியூரிலிருந்து சிலர் வந்து, வட்டியில்லாத இலாபப் பங்குத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கின்றனர். அதற்கான துண்டுப் பிரசுரத்தின் அடியில் ஆங்கிலத்தில் ‘எண்டார்ஸ்டு பை’ என்று போட்டு, அதன்கீழ்த் தந்தையாரின் பெயரை அச்சிட இசைவு கேட்கின்றனர். “ஆதரிக்கிறார் என்பதுதானே இதன் பொருள்? நல்ல காரியத்தை ஆதரிப்பதில் என்ன தடை?” என்பது அவர்களுடைய வாதம். சகோதரி அகராதியைப் புரட்டியிருக்கிறார். ஆதரி, ஒப்புதல் அளி, பின்புறம் கையொப்பமிடு என மூன்று பொருள்கள் அங்கே இருந்தனவாம். ‘இம்மூன்றில் எது சரி? என் தந்தை சரி என்று சொல்லலாமா?’ என்பது அவருடைய வினா.

அச்சகோதரிக்குத் தனியே சுருக்கமாகப் பதில் எழுதிவிட்டேன். ஆயினும், இந்த வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஊரில் ஓரளவு படித்தவர், பெயர் பெற்றவர் எவரிடமும் இன்று யாராவது ஒருவர் இத்தகைய இசைவைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எனவே விரிவாகவே பார்ப்போம்.

முதலில் அகராதியின் மூன்று பொருள்களில் எது மூத்தது என்று அறிய வேண்டும். ‘பின்புறம் கையொப்பமிடு’ என்பதே மூத்தது. இலத்தீன் மொழியில் ‘டார்ஸம்’ என்றால் முதுகு. ‘இன்’ என்னும் முன்னொட்டு அதனுடன் சேர்ந்து, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்லே எண்டார்ஸ். முதுகின்மேல் வை, முதுகில் எழுது என்பது அதன் வேர்ப்பொருள். இங்கே முதுகு என்பது தாளின் பின்பக்கம். அலுவலகங்களில் ஒருவரைப் பற்றிய ஆவணக் கட்டுக்கு ‘டாசியர்’ என்று பெயர் வழங்குகிறதல்லவா? அதுவும் முதுகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்ததே. இந்த வேரை ஆங்கிலக் கவிஞர்களும் மறக்கவில்லை. மில்டன் 1671இல் வெளியிட்ட காவியமொன்றில், முதுகில் கோபுரங்களைச் சுமந்து வரும் போர் யானைகளைக் குறிப்பதற்கு இதே சொல்லைக் கையாண்டிருக்கிறார். முதுகில் ஏற்றப்பட்ட சுமை என்னும் பொருள் அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

வணிகர்களிடம் வந்தபோது இச்சொல் சட்டத்தின் துணையையும் பெற்றது. நம் முன்னோர் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் கடல்கடந்து வணிகம் செய்தவர்கள். அக்காலத்து வணிகத்தில் கையில் பணமூட்டையைச் சுமந்து செல்லாமல் உண்டியல் எழுதி அனுப்பும் வழக்கம் இருந்தது. உண்டியலோ காசோலையோ, அதை வைத்திருப்பவர் வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க விரும்பினால், தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பார். இதுதான் எண்டார்ஸ்மெண்ட். வணிகவியல் பாடநூல்கள் இதனை மேலெழுத்து என்கின்றன. புறக்குறிப்பு என்பாரும் உண்டு.

இந்தியாவில் இதனை ஒழுங்குபடுத்துவது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். அதன் 15ஆம் பிரிவு மேலெழுத்து இன்னதென்று வரையறுக்கிறது. நம் வினாவுக்கு விடை இருப்பது 35ஆம் பிரிவில். ஒருவர் காசோலையின் பின்புறம் கையொப்பமிட்டு மற்றொருவரிடம் கொடுத்துவிடுகிறார். பின்னர் அந்தக் காசோலைக்குப் பணம் கிடைக்கவில்லை. அப்போது, காசோலையை முதலில் எழுதியவர் மட்டுமல்லாமல், பின்புறம் கையொப்பமிட்டவரும் அதனால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் ஆகிறார். பணம் மறுக்கப்பட்ட செய்தி அவருக்கு முறைப்படி தெரிவிக்கப்பட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. “நான் எழுதிய காசோலை அன்று, என் கைக்கு வந்து போனது, அவ்வளவுதான்” என்று அவர் நழுவ முடியாது. அப்பொறுப்பு தமக்கு வேண்டாம் என்றால், கையொப்பமிடும்போதே அதனை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும் என்று 52ஆம் பிரிவு வழிசெய்கிறது. எழுதாமல் விட்டால் பொறுப்பு உண்டு.

இன்று நம்மில் பலர் இத்தகைய மேலெழுத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். காசோலைகளில் ‘அக்கவுண்ட் பேயீ’ என்று இரு கோடுகளுக்கிடையே எழுதிவிடுவதால், அவை கைமாறுவது நின்றுபோயிற்று. வழக்கம் மங்கினாலும், சொல்லுக்குள் அதன் பொருள் உறைந்து நிற்கிறது. எண்டார்ஸ் செய்பவர், பிறருடைய தாளுக்குப் பின்னால் தம் பெயரை எழுதுகிறார். தாளில் சொல்லப்பட்டது பொய்த்துப்போனால் தாம் முன்னே வந்து நிற்பதாக ஒப்புக்கொள்கிறார்.

பாஸ்போர்ட்டிலும் இச்சொல்லை நாம் நன்கறிவோம். முன்னாளில் தாயாரின் பாஸ்போர்ட்டில் பிள்ளைகளின் பெயரை எண்டார்ஸ் செய்தனர். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன நம் சகோதரர்கள், குடியேற்றச் சோதனை தேவையில்லை என்னும் முத்திரைக்காக அலுவலக வாயில்களில் எத்தனை நாள் காத்திருந்தனர் என்பது பல குடும்பங்களுக்கு நினைவிருக்கும். இங்கும் பொருள் ஒன்றே: ஆவணத்தின் ஏட்டில் ஓர் அதிகாரி எழுதி ஒப்பமிடுகிறார், எழுதப்பட்டதற்கு அரசு பொறுப்பேற்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் ஒருவருடைய ஓட்டுநர் உரிமத்தில் எண்டார்ஸ்மெண்ட் இருக்கிறது என்றால் அது பாராட்டன்று. போக்குவரத்துக் குற்றத்துக்காக அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனைப் புள்ளிகளின் பதிவு அது. ஆகவே, இச்சொல்லில் புகழ்ச்சி என்பது இயல்பாகவே உள்ள கூறன்று. எழுதிப் பொறுப்பேற்பது என்பதே இதன் உயிர்.

இனி, பொதுவில் ஆதரித்தல் என்னும் பொருளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘சப்போர்ட்’ என்பது பரந்த சொல். மனத்துக்குள்ளேயே ஒருவரை ஆதரிக்கலாம். வாக்குச்சாவடியின் மறைவில் ஆதரிக்கலாம். பணம் கொடுத்தும் ஆதரிக்கலாம். எண்டார்ஸ் என்பதை மறைவில் செய்ய இயலாது. பெயர் சொல்லி, ஊரறிய, பிறர் அதனை நம்பி நடக்கட்டும் என்று செய்வதே எண்டார்ஸ். அமெரிக்காவில் அதிபர் தேர்தலின்போது செய்தித்தாள்கள் இன்ன வேட்பாளரை எண்டார்ஸ் செய்கிறோம் என்று தலையங்கம் எழுதும் மரபு நெடுங்காலமாக உண்டு. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் வாஷிங்டன் போஸ்ட் நாளேடு எவரையும் எண்டார்ஸ் செய்யப்போவதில்லை என்று அறிவித்தபோது, அதுவே பெருஞ்செய்தியாயிற்று. ஏராளமான வாசகர்கள் சந்தாவை நிறுத்திக்கொண்டனர். பெயரைக் கொடுப்பதற்கும் கொடுக்க மறுப்பதற்கும் மக்கள் எவ்வளவு எடை வைத்திருக்கின்றனர் என்பதற்கு இது சான்று.

இலக்கணக் குறிப்பு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எண்டார்ஸ் என்னும் வினை செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். ‘ஐ எண்டார்ஸ் யுவர் வியூ’ என்பதே சரி. இடையில் ‘ஃபார்’ என்றோ ‘டு’ என்றோ சேர்ப்பது பிழை. எழுத்துக்கூட்டலில் ‘இ’ எழுத்தில் தொடங்குவதே இன்றைய பொதுவழக்கு. பழைய சட்ட நூல்களில் ‘ஐ’ எழுத்தில் தொடங்குவதைக் காணலாம். நம் 1881ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்வாறே உள்ளது. இரண்டும் ஒரே சொல்தான்.

இச்சொல்லுக்கு உறவினர் பலர் உண்டு. ஒவ்வொருவரும் சுமக்கும் எடை வெவ்வேறு. தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்பது விளங்கும்.

‘ரெக்கமண்ட்’ என்பது நாம் அன்றாடம் சொல்லும் சிபாரிசு. பாரசீகத்திலிருந்து வந்து தமிழில் குடியேறிய சொல் இது. பரிந்துரை என்றும் இன்று எழுதுகிறோம். இன்னாரை வேலைக்கு எடுக்கலாம் என்று எடுத்துச் சொல்வதோடு சிபாரிசு செய்பவரின் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடும். முடிவு எடுப்பவர் வேறொருவர்.

‘அட்வகேட்’ என்பதன் வேர்ப்பொருள் துணைக்கு அழைக்கப்பட்டவர் என்பது. நம் வக்கீல் அரபுச் சொல். பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் என்று பொருள். ஒருவருக்காகப் பரிந்து பேசுவதை வக்காலத்து வாங்குதல் என்று ஊரில் சொல்கிறோமே, அட்வகேட் என்னும் வினைக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ்த்தொடர் கிடைப்பது அரிது. உச்சரிப்பில் கவனம் தேவை. வினையாக வரும்போது இறுதியசை ‘கேட்’ என்று நீண்டு ஒலிக்கும். வழக்கறிஞர் என்னும் பெயர்ச்சொல்லாக வரும்போது ‘கட்’ என்று தேய்ந்து ஒலிக்கும்.

‘செகண்ட்’ என்னும் வினை, கூட்டங்களில் ஒருவர் முன்மொழிந்த தீர்மானத்தை மற்றொருவர் வழிமொழிவதைக் குறிக்கும். நம் ஜமாஅத் பொதுக்குழுவில் வழிமொழிந்தவரைப் பிடித்துக்கொண்டு, “நீர்தானே இதை ஆதரித்தீர்” என்று பின்னர்ச் சண்டையிடுவது உண்டு. கூட்ட நடைமுறை நூல்களின்படி, வழிமொழிதல் என்பது இப்பொருள் விவாதிக்கத் தக்கது என்று ஒப்புவது மட்டுமே. வழிமொழிந்தவரே பின்னர் எதிர்த்து வாக்களிக்கலாம். எனவே எண்டார்ஸ் என்பதைவிட இது மிக இலேசான சொல்.

‘எஸ்பவுஸ்’ என்பதற்கு ஒரு கொள்கையைத் தமதாக்கிக்கொள்ளுதல் என்று பொருள். வாழ்க்கைத் துணையைக் குறிக்கும் ‘ஸ்பவுஸ்’ இதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் வேர், உறுதிமொழி கொடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல்லை வளைகுடாவில் வாழ்ந்த ஒவ்வொருவரும் அறிவர்: ஸ்பான்சர். அரபியில் அவரைக் கஃபீல் என்கிறோம். கஃபீல் என்றால் பிணையாளி, ஜாமீன்தாரர். ஆக, எஸ்பவுஸ் செய்பவர் கொள்கையோடு நிக்காஹ் செய்துகொண்டவர். ஸ்பான்சர் மற்றொருவருக்காக வாக்களித்தவர்.

இவ்வுறவினர் நடுவே எண்டார்ஸ் எங்கே நிற்கிறது? சிபாரிசுக்கு மேலே, ஜாமீனுக்குச் சற்றுக் கீழே என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. சொல்லளவில் அது சிபாரிசு போலத் தோன்றும். ஆனால் நம்பி ஏமாந்தவரின் கண்ணுக்கு அது ஜாமீனாகவே தெரியும்.

இங்கே அரபுமொழியின் அழகு ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரபியில் முதுகுக்கு ளஹ்ர் என்று பெயர். அந்த மூன்று வேரெழுத்துகளிலிருந்தே ளஹீர் என்னும் சொல் பிறக்கிறது. துணைநிற்பவர், பின்பலமாக இருப்பவர் என்பது அதன் பொருள். இலத்தீனும் அரபியும் வெவ்வேறு மொழிக் குடும்பங்கள். எனினும் ஆதரவை இரண்டும் முதுகோடு இணைத்தே கண்டிருக்கின்றன. திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று இடம்பெறுகிறது. தம் இனத்தவர் ஒருவர் உதவிக்கு அழைத்தார் என்பதற்காக அவர்கள் சண்டையில் தலையிட, எதிரி இறந்துபோகிறான். மனம் வருந்தி இறைவனிடம் பாவமன்னிப்புக் கேட்ட அவர்கள், குற்றவாளிகளுக்கு இனி ஒருபோதும் துணையாவதில்லை என்று உறுதிகொள்கின்றார்கள். அந்த 17ஆம் வசனத்தில் வரும் சொல் ளஹீர் என்பதே. தம்மவர் என்னும் காரணத்துக்காக ஆராயாமல் துணைநிற்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படிப்பினை வேண்டுமோ?

நிஸா அத்தியாயத்தின் 85ஆம் வசனமும் இங்கே நினைவுகூரத் தக்கது. நல்லதற்குப் பரிந்துரை செய்பவருக்கு அதன் நன்மையில் பங்குண்டு. தீயதற்குப் பரிந்துரை செய்பவருக்கு அதன் சுமையில் பங்குண்டு என்பது அதன் கருத்து. பங்கு என்பது இருபுறமும் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ஆதரவு தருவதே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. நல்லவற்றுக்குத் தம் பெயரைத் தராமல் ஒதுங்குபவர் அந்த நன்மையின் பங்கை இழக்கிறார். அறியாமல் பெயர் தருபவரோ சுமையின் பங்கை ஏற்கும் நிலைக்கு ஆளாகிறார்.

ஒருவரை அறிதல் என்றால் என்ன என்பதற்கு உமர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தி ஒன்று நூல்களில் பதிவாகியுள்ளது. ஒருவர் மற்றொருவருக்கு நற்சான்று கூற வந்தார். கலீஃபா அவர்கள் மூன்று வினாக்கள் தொடுத்தார்கள். அவருக்கு நீர் அண்டை வீட்டாரா? பயணத்தில் அவரோடு கூடச் சென்றிருக்கிறீரா? பொன் வெள்ளிக் காசுகளில் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் அவரை நீர் அறியமாட்டீர் என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளிவாசலில் அவர் தொழுவதைப் பார்த்தது மட்டும் சான்றுக்குப் போதவில்லை. துண்டுப் பிரசுரத்தில் பெயர் கேட்டு வருபவர்களிடம் நாம் கேட்க வேண்டிய வினாக்களை 1,400 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் வகுத்துத் தந்துவிட்டார்கள்.

இவ்வளவும் எழுதுபவன் இதனை எப்போது கற்றான் என்று நீங்கள் கேட்கலாம். காலம் கடந்துதான் கற்றேன்.

நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊரில் சேமிப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பெயர் இங்கே வேண்டாம். நடத்தியவர்கள் ஐவேளையும் முன்வரிசையில் நின்றவர்கள். “ஸார், இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்” என்றார்கள். நல்ல முயற்சி, வெற்றிபெற துஆச் செய்கிறேன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்த பிரசுரத்தில் அவ்விரண்டு வரிகளுக்கு மேலே, ‘எண்டார்ஸ்டு பை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் எழுதிய சொல்லன்று அது. ஆனால், ஆங்கில ஆசிரியனாகிய நான் அதன் பொருளை அறிந்திருந்தும் திருத்தச் சொல்லவில்லை. உள்ளபடியே சொல்வதானால், என் பெயரை அச்சில் கண்டதில் எனக்கு மகிழ்ச்சியே இருந்தது.

இரண்டு ஆண்டுகளில் அலுவலகக் கதவு பூட்டப்பட்டது. ஒருநாள் மாலை, கணவரை இழந்த பெண்மணி ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆப்பம் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். மகளின் திருமணத்துக்கென வைத்திருந்த வளையல்களை விற்று அத்திட்டத்தில் போட்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த அந்தப் பிரசுரம் இருந்தது. அவர் என்னிடம் பணம் கேட்கவில்லை, சபிக்கவும் இல்லை. என் பெயரின்மேல் விரலை வைத்து, “நீங்க பாத்துட்டுத்தானே ஸார் கையெழுத்துப் போட்டீங்க?” என்று மட்டும் கேட்டார்.

நான் பார்க்கவில்லை. கணக்கைக் கேட்கவில்லை, பதிவுச் சான்றைக் கேட்கவில்லை, பணம் எந்தத் தொழிலில் போடப்படுகிறது என்றும் கேட்கவில்லை. அப்போது அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பது இன்று நினைவில்லை, ஏதோ தடுமாறினேன். மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு காவல்துறையில் புகார் கொடுத்தேன். சட்டம் என்னை எதுவும் கேட்கவில்லை. காசோலைக்குரிய 35ஆம் பிரிவு துண்டுப் பிரசுரத்துக்குப் பொருந்தாது. ஆனால் அப்பிரிவை மாணவர்களுக்கு விளக்கியவன் நான். மூன்று ஆண்டுகள் மாதந்தோறும் என்னால் இயன்றதை அவரிடம் சேர்ப்பித்தேன். முழுத்தொகையும் தீரவில்லை. அவருடைய மகளின் திருமணம் நடந்தது, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் தள்ளித்தான் நடந்தது. அந்தத் தாமதத்தை எந்தத் தவணையாலும் ஈடுசெய்ய முடியாது.

இது ஓர் ஊரின் கதை. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம் சரிந்தபோது, ஹலால் முதலீடு என்று நம்பிப் பணம் போட்டிருந்த பல்லாயிரக்கணக்கானோர், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தினர், தெருவில் வந்து நின்றனர். அதன் நிறுவனர் வெளிநாடு சென்றுவிட்டு, ஜூலையில் டில்லியில் கைது செய்யப்பட்டார். மார்க்கப் பெருமக்கள் சிலருடைய ஆதரவைக் கண்டே நம்பினோம் என்று பாதிக்கப்பட்டோர் பலர் கூறினர். கணக்கேடுகளை எளிய மக்களால் படிக்க முடியாது. அவர்கள் படிப்பது அடியிலுள்ள பெயரைத்தான்.

நாட்டின் சட்டமும் இப்போது இத்திசையில் நடக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்தில் தோன்றி எண்டார்ஸ் செய்பவருக்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரை. விளம்பரங்களில் தோன்றுவதற்கே முதன்முறை ஓராண்டு வரை, மறுமுறை மூன்றாண்டு வரை தடை விதிக்கலாம். ஒரேயொரு விலக்கு உண்டு. விளம்பரத்தில் கூறப்பட்டவை உண்மையா என்று உரிய கவனத்துடன் ஆராய்ந்த பிறகே தோன்றியவர், இத்தண்டத்துக்கு ஆளாகமாட்டார். உமர் (ரலி) அவர்களின் மூன்று வினாக்களும் இந்தச் சட்டமும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் காணலாம்.

சகோதரியின் வினாவுக்கு இனி நேர்விடை. அகராதியின் மூன்று பொருள்களும் சரியே, மூன்றும் ஒன்றே. ஆதரிப்பது, ஒப்புதல் அளிப்பது, பின்னால் கையொப்பமிடுவது ஆகிய மூன்றையும் சேர்த்தே தங்கள் தந்தையாரிடம் கேட்கின்றனர். அவர் இசைவு தருமுன் சிலவற்றைக் கேட்டுப் பெறட்டும். மக்களிடம் பணம் திரட்ட எந்தச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றுள்ளனர்? சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளரிடம் பதிந்த சான்று எங்கே? வைப்புத்தொகை என்றால் ரிசர்வ் வங்கியின் அனுமதி எங்கே? முதலீட்டுக்கூட்டு என்றால் செபியின் பதிவு எங்கே? முறைப்படி தணிக்கையான கணக்கு எங்கே? முறையற்ற வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டமும் 2019 முதல் நடைமுறையில் உள்ளது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். மழுப்பலான பதில் வந்தால், அல்லது “எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?” என்னும் வருத்தம் வந்தால், அதுவே விடை.

எல்லாம் செம்மையாக இருந்தும், ஜாமீன் நிற்கும் அளவுக்குத் தெரியாது என்று அவர் கருதினால், அதற்கேற்ற சிறிய சொற்கள் இல்லாமலில்லை. தொடக்கவிழாவுக்கு வந்தார் என்பதை ‘அட்டெண்டட்’ என்று எழுதலாம். வாழ்த்தினார் என்றால் ‘விஷ்டு வெல்’ போதும். கொண்ட கருத்துக்கு ஏற்ற சொல்லையே அச்சிடுமாறு எழுத்தில் கேட்டுப்பெற வேண்டும். அச்சுக்குப் போகுமுன் படியைப் பார்த்துவிடவும் வேண்டும். இந்த இரண்டையும் நான் செய்யாமல் விட்டதால் நேர்ந்ததை மேலே படித்தீர்கள்.

அதே வேளையில், எல்லாவற்றுக்கும் பெயர் தர மறுப்பதும் அறமாகாது. தகுதியுள்ள ஏழை மாணவனுக்கு உதவித்தொகை கேட்டு ஒருவர் வந்தால், அவனை விசாரித்து அறிந்து, தயங்காமல் தாளைத் திருப்பிக் கையொப்பமிடுங்கள். நல்ல நூலகத்துக்கும், நேர்மையான பைத்துல்மாலுக்கும் உங்கள் பெயர் பின்பலமாகட்டும். அங்கே எண்டார்ஸ் என்னும் சொல்லின் முழு எடையையும் மகிழ்ச்சியோடு சுமக்கலாம்.

சகோதரியின் தந்தையார் என்ன முடிவெடுத்தார் என்பதை மறுமடலில் எழுதியிருக்கிறார். மேற்கண்ட சான்றுகளைக் கேட்டாராம். மறுவாரம் கொண்டுவருவதாகச் சொல்லிச் சென்றவர்கள், இம்மடல் எழுதும் நாள்வரை திரும்பவில்லையாம்.

வாசகர்களுக்கு வழக்கம்போல் ஒரு பயிற்சி. ‘கேரண்டி’, ‘வாரண்டி’ என்னும் இரண்டு சொற்களும் நம் வீட்டு மின்விசிறி முதல் கைபேசி வரை எல்லாவற்றோடும் வருகின்றன. இவற்றுக்கிடையேயுள்ள வேறுபாடு என்ன? உங்கள் விடைகளை எழுதியனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பார்ப்போம்.